ஒரே லேப்டாப்பில் விண்டோஸும் உபுண்டுவும்: உங்களுக்கு நடந்ததைச் சொல்லுங்கள்

கொழிஞ்சாம்பாறை அப்பா:

இரண்டு வருடம் ஆச்சு, இன்னும் மனசு ஆறவில்லை. மகள் அப்போது இங்கே தமிழ் மீடியத்தில் பத்தாவது. கேரளப் பள்ளிகளில் ஐடி செய்முறை உபுண்டுவை அடிப்படையாகக் கொண்ட லினக்ஸ் இயங்குதளத்தில்தான் (ஓஎஸ்) என்பது தெரிந்ததே. பள்ளியில் பார்க்கிற அதே திரை வீட்டிலும் வேண்டும் என்றாள். விண்டோஸில் சி டிரைவைச் சுருக்கி 60 ஜிபி ஒதுக்கிவிட்டு உபுண்டு இன்ஸ்டாலர் இருந்த பென்டிரைவைச் செருகினேன். இன்ஸ்டாலரில் அந்த இடத்துக்கு நேரே 'பயன்படுத்த முடியாது' என்று வந்தது. எம்பிஆர் என்ற பழைய முறையில் பிரித்த டிஸ்க். அதில் நாலு பிரைமரி பார்ட்டிஷன் (முதன்மைப் பகுதி) இருந்தால் ஐந்தாவதற்கு வழியில்லை என்பது அன்றைக்கு எனக்குத் தெரியாது. ஒன்றைத் தூக்கினால் சரியாகும் என்று பட்டது. அங்கே சி, டி என்ற எழுத்தெல்லாம் கிடையாது. எஸ்டிஏ 1, 2, 3, 4 மட்டும். மூன்றாவதுதான் ரெக்கவரி, அதாவது விண்டோஸைச் சரிசெய்ய வைத்திருக்கும் பகுதி என்று நினைத்து அழித்தேன்.

கடைசியில் ஒரு பெட்டி வந்தது, மாற்றங்களை டிஸ்க்கில் எழுதட்டுமா என்று. மகள் அதை வாய்விட்டு வாசித்துக்கொண்டிருந்தாள். அவள் முடிக்கும் முன்பே அழுத்திவிட்டேன்.

டி டிரைவ் போய்விட்டது. அம்மாவின் கடைசிப் பொங்கல் படங்கள் அதில்தான் இருந்தன. மாட்டின் நெற்றியில் மஞ்சள் வைக்கிற படம் ஒன்று, அம்மாவின் விரல்கூட மஞ்சளாக இருக்கும்.

குமுளிக்காரி:

எனக்கு எதுவும் அழியவில்லை அண்ணா, பூட்டிக்கொண்டது. ஏலக்காய்க் கணக்கு மொத்தமும் அந்த லேப்டாப்பில். பென்டிரைவ் பூட் ஆகவில்லை என்று செக்யூர் பூட் என்ற பாதுகாப்பு அமைப்பை அணைத்தேன். திரும்ப விண்டோஸுக்கு வந்தால் நீலத் திரை, டிஸ்க்கைப் பூட்டி வைக்கும் பிட்லாக்கரின் சாவி கேட்கிறது. 48 இலக்கம்! அப்படி ஒன்று ஓடுவதே எனக்குத் தெரியாது. லேப்டாப்பை அமைத்துக் கொடுத்தது தம்பி, சாவி அவன் மைக்ரோசாஃப்ட் கணக்கில் கிடந்தது. போனில் ஆறு ஆறு எண்ணாகச் சொன்னான். ஏழாவது தொகுதியில் லைன் போய்விட்டது. வெளியே அடைமழை. கடைசி இரண்டு தொகுதிக்காக முக்கால் மணி நேரம் அந்த நீலத் திரையையே பார்த்துக்கொண்டு உட்கார்ந்திருந்தேன்.

ஆரியங்காவு:

என் கதை சின்னது. உபுண்டு போட்ட பிறகு விண்டோஸில் கடிகாரம் ஐந்தரை மணி நேரம் பின்னால் ஓடியது. அதை நம்பி ரயிலை விட்டேன். லினக்ஸ் உள்கடிகாரத்தை யூடிசி (உலகப் பொது நேரம்) என்று எடுத்துக்கொள்ளும், விண்டோஸ் உள்ளூர் நேரம் என்று. அவ்வளவுதான்.

ஆனால் முதல் அண்ணாச்சி சொன்னதில் ஒன்றை ஒத்துக்கொள்ள முடியவில்லை. எம்பிஆர் உங்களைத் தடுத்தது, அழிக்கவில்லை. எண்ணைப் பார்த்தீர்கள், பக்கத்திலேயே இருந்த அளவைப் பார்க்கவில்லை. ரெக்கவரி சில ஜிபிதான் இருக்கும், டி எத்தனை ஜிபி என்று உங்களுக்கே தெரியும். அந்தக் கடைசிப் பெட்டி வரைக்கும் டிஸ்க்கில் எதுவும் எழுதப்படவில்லை, பின்வாங்கியிருக்கலாம்.

இனி செய்பவர்கள் முதலில் வெளி டிஸ்க்கில் நகல் எடுங்கள். பிட்லாக்கர் இருக்கிறதா பார்த்து, சாவியைத் தாளில் எழுதி வையுங்கள். விண்டோஸில் சீக்கிரம் எழும்புவதற்கான ஃபாஸ்ட் ஸ்டார்ட்டப்பை அணையுங்கள். இல்லாவிட்டால் விண்டோஸ் முழுதாக மூடாது, அதன் டிரைவில் லினக்ஸை எழுதவிடாது. சுருக்குவதை விண்டோஸுக்குள்ளேயே செய்யுங்கள். புதிய லேப்டாப் என்றால் இஎஃப்ஐ என்ற சின்னப் பார்ட்டிஷனை ஃபார்மேட் செய்யவே கூடாது, இரண்டு ஓஎஸ்ஸும் அதிலிருந்துதான் எழும்பும்.

அப்புறம் அண்ணாச்சி, அது சுழலும் ஹார்ட் டிஸ்க்கா, எஸ்எஸ்டியா? ஹார்ட் டிஸ்க் என்றால் மேலே எழுதாத இடத்தில் படங்கள் இன்னும் கிடக்கலாம். இனி அதை ஆன் செய்யாதீர்கள். கழற்றி வேறு கம்ப்யூட்டரில் மாட்டி போட்டோரெக் என்ற மீட்பு மென்பொருளை ஓட்டுங்கள், கிடைப்பதை வேறு டிஸ்க்கில் சேமியுங்கள். எஸ்எஸ்டி என்றால் நம்பிக்கை குறைவு. எதுவானாலும் கோப்புப் பெயர்கள் திரும்ப வராது.

கொழிஞ்சாம்பாறை அப்பா:

ஹார்ட் டிஸ்க்தான் தம்பி. பரீட்சை முடிந்ததிலிருந்து அலமாரியில்தான் இருக்கிறது. பெயர் வராவிட்டால் பரவாயில்லை, எத்தனை ஆயிரம் படம் வந்தாலும் ஒவ்வொன்றாகத் திறந்து பார்க்கிறேன். சனிக்கிழமை பாலக்காடு போய் வெளி டிஸ்க் வாங்கி வருகிறேன்.