ஃபீத்தி (கையில தைக்கிற பதவிப் பட்டை) வேண்டாம்னு சின்ன பசங்களுக்கு சொல்லிக் கொடுக்காதீங்க

சுபேதார்_தக்கலை:
நேத்து ரப்பர்காட்டான் போட்ட பதிவ பாத்ததுல இருந்து எரிச்சலா கெடக்கு. பல்டனுக்கு, அதாவது ராணுவத்துக்கு, போயிருக்க நம்ம மாவட்டத்து பசங்களுக்கு அறிவுரையாம். கேடருக்கு (புரமோஷன் பயிற்சி) போகாண்டாம், ஃபீத்தி வாங்காண்டாம், 8 வருசத்துல எம்.ஏ.சி.பி. (புரமோஷன் இல்லாமலே வர்ற அடுத்த படி சம்பளம்) வந்து, சிப்பாய்க்கு மேல உள்ள நாயக்கோட சம்பளம் தானா கெடைக்கும், 15 வருசம் ஆனா பென்ஷன், ஊருக்கு வந்து தோட்டத்த பாத்துக்கிட்டு நிம்மதியா இருக்கலாம்னு. அதுக்கு கீழ கைதட்டு வேற. சம்பளம் வரும், சரி, சர்வீஸ் வருமா ஓய்? சிப்பாய்க்கு 17 வருசம், ஸ்கிரீனிங்ல தேறினா இன்னும் 2, மொத்தம் 19-ல வீடு. நாயக்னா 24, ஹவில்தார் 26, நாயப் சுபேதார் 28, சுபேதார் 30. எம்.ஏ.சி.பி.ல நாயக் சம்பளம் வாங்குறவன் நாயக் ஆயிர மாட்டான், அவனும் 19-ல பெட்டிய கட்டணும். 18 வயசுல சேந்தவன் 37-ல வெளிய வந்து, பிள்ளைங்க ஸ்கூல் ஃபீஸ் கட்டுற நேரத்துல ஏ.டி.எம். வாசல்ல செக்யூரிட்டியா நிக்கான். அத பதிவுல எழுதலையே?

சி.ஆர்.பி.எஃப்_குழித்துறை:
எம்.ஏ.சி.பி. 8 வருசம் இல்ல, 10 வருசம். 10, 20, 30. முதல்ல அத திருத்துங்க, பிறகு பாடம் எடுங்க.

சுபேதார்_தக்கலை:
10 உங்களுக்கு. ராணுவத்துல சிப்பாய்க்கு 8, 16, 24. ஆறாவது சம்பள கமிஷன்ல வந்தது. இங்க பல்டன் விசயம் பேசுகோம், படிச்சுட்டு வாங்க.

ரப்பர்காட்டான்:
சுபேதார் சாப் வந்தாச்சு, இனி எல்லாரும் ஃபால்-இன்ல வரிசையா நிக்கணும். நான் சிப்பாயா போய் சிப்பாயா வந்தவனாக்கும், எனக்கு ஒரு குறையும் இல்ல. நாயக் ஆனவன் நெலமை எனக்கு தெரியும். காவலுக்கு கார்டு கமாண்டர்னு நிப்பாட்டுவாங்க, ராத்திரி ஒரு தோட்டா கொறஞ்சா அவன் கழுத்து, சென்ட்ரி தூங்கினா அவன் கழுத்து, மேல சாப் திட்டுவாரு, கீழ கூட இருந்த பசங்களே பேச மாட்டானுவ. அதுக்கு என்ன கூட கெடைக்கு? சிப்பாய் 21,700, நாயக் 25,500. எம்.எஸ்.பி.ங்கிற ராணுவப்படி ரெண்டு பேருக்கும் அதே 5,200. அந்த வித்தியாசம் 8 வருசத்துல தானா வருது. எனக்கு வந்துச்சு. வரலன்னு சொல்லுங்க பாப்போம்.

சுபேதார்_தக்கலை:
உமக்கு வந்தது சீட் காலி இல்லாததுனால. புரமோஷன் குடுக்கும்போ வேண்டாம்னு எழுதிக் குடுத்தவனுக்கு எம்.ஏ.சி.பி. கெடையாது. வாய்ப்பு வராம தேங்கி நிக்கவனுக்காக்கும் அந்த ஏற்பாடு, வந்த வாய்ப்ப தள்ளி விட்டவனுக்கு இல்ல. நீர் சொன்னத நம்பி எத்தன பையன் வேண்டாம்ங்கிற அன்வில்லிங் சர்ட்டிபிகேட்ல கையெழுத்து போடுவான், ஃபீத்தியும் போச்சு சம்பளமும் போச்சு, அந்த பாவம் உம்ம தலையில.

சி.ஆர்.பி.எஃப்_குழித்துறை:
10 வருசம். எங்க யூனிட்ல எல்லாருக்கும் 10 வருசத்துல தான் வந்தது, என் கையில ஆர்டர் இருக்கு.

தோவாளைக்காரன்:
அண்ணாச்சி, எங்க தம்பி அக்னிவீர். 4 வருசம் முடிஞ்சா நூத்துக்கு 25 பேர தான் வைப்பாங்க, மத்தவனுக்கு சேவா நிதின்னு மொத்தமா 11 லட்சத்து சொச்சம், பென்ஷன் கெடையாது. இதுல அவன்கிட்ட போய் நாயக் ஆகு ஹவில்தார் ஆகுன்னு சொன்னா சிரிக்கான். 19 வருசமா 24 வருசமான்னு நீங்க சண்ட போடுறது 2022-க்கு முன்னாடி சேந்தவங்களுக்கு தான்.

சுபேதார்_தக்கலை:
மக்களே, உன் தம்பிக்கு தான் நான் ரொம்ப எழுதுகேன். அந்த 25-ல வரணும்னா எதப் பாப்பாங்க? ஓட்டம், ஃபயரிங், பரீட்சை, ஒழுங்கு. நாயக் கேடருக்கு என்ன படிக்கானோ அதே சாமான் தான். இப்பவே உடல்தகுதி பரீட்சையில எக்ஸலன்ட் எடுக்கச் சொல்லு, ஓட்டம், கயிறு எல்லாம். ரெட் இங்க் என்ட்ரி (தண்டனைக் குறிப்பு) ஒண்ணு கூட வாங்காண்டாம்னு சொல்லு.

பசங்க பின்வாங்குறது சோம்பேறித்தனத்துல இல்ல, பயத்துல. என்கிட்ட ஒருத்தன் இருந்தான், அருமனை பக்கத்து பையன், இன்சாஸ் ரைஃபிள கண்ண மூடிட்டு கழத்தி மாட்டுவான். கேடர்ல அதே ரைஃபிள வச்சு கோல்னா ஜோட்னா (கழத்துறது, மாட்டுறது) பாடம் எடுக்கணும், இந்தியில, உஸ்தாத் (வாத்தியார்) முன்னாடி. எந்திரிச்சு நின்னான், போல்ட்ட கையில வச்சிருக்கான், வாய் தெறக்கல, உள்ளங்கை வேர்த்து போல்ட் வழுக்குது. உக்காந்துட்டு அன்னைக்கே அன்வில்லிங் எழுதித் தாரேன்னான். நான் அவன ராத்திரி பேரக்ல கட்டில்ல உக்கார வச்சு, இந்திய தமிழ் எழுத்துல நோட்டுல எழுதிக் குடுத்து, கொசுவலைக்கு உள்ள இருந்து சொல்லச் சொன்னேன். மத்தவனுவ சிரிச்சானுவ, சிரிக்கட்டும்னு விட்டேன். பிறகு அவனுக்கே சின்ன பொறுப்பு குடுத்தேன், நாலு புதுப் பசங்கள மேப் ரீடிங்குக்கு கூட்டிட்டு போகச் சொல்லி. அடுத்த கேடர்ல பாஸ். அவனுக்கு சம்பளக் கணக்கு சொல்லி ஒண்ணும் ஆகியிருக்காது.

ரப்பர்காட்டான்:
அப்ப மெட்ராஸ் ரெஜிமென்ட்லயே இந்தி தெரிஞ்சா தான் ஃபீத்தியா. வெலிங்டன் பயிற்சி மையத்துல ‘அடி கொல்லு’ன்னு தமிழ்ல கத்த வச்சுட்டு பரீட்சை இந்தியிலயா. கொள்ளாம். 1758-ல ஆரம்பிச்ச ரெஜிமென்ட், நமக்கு நம்ம பாஷையில ஒரு பாடம் எடுக்க விடல, அத கேக்க மாட்டீங்க, பையன கொசுவலைக்குள்ள போட்டு இந்தி படிக்க வச்சத பெருமையா சொல்லுவீங்க.

சுபேதார்_தக்கலை:
ரெஜிமென்ட்ல மலையாளி இருக்கான், தெலுங்கன் இருக்கான், கன்னடக்காரன் இருக்கான், பக்கத்துல வேற பல்டன் நிக்கும், எல்லாருக்கும் கேக்குற மாதிரி ஒரு பாஷை வேணும். அத வச்சு அரசியல் பேசணும்னா வேற எடத்துல பேசும்.

ரப்பர்காட்டான்:
நீங்க பேசினா அனுபவம், நான் பேசினா அரசியல். போன தடவ கேன்டீன் கோட்டா விசயத்துலயும் இதே தான், சுபேதார் மாதிரி ஜே.சி.ஓ.வுக்கு அதிகமா வேணும்னு நீங்க, சிப்பாய் வாய மூடணும். எல்லாம் ஞாபகம் இருக்கு சாப்.

கருங்கல்காரி:
ரெண்டு பேரும் வீட்டுல இருக்கவங்கள ஒரு வரி பேசல. எங்க வீட்டுக்காரர் நாயக். கேடருக்கு போன வருசம் லீவு தள்ளிப் போச்சு, அம்மாவுக்கு ஆபரேஷன், நான் தனியா நாகர்கோவில் ஆஸ்பத்திரியில ஓடினேன். அப்ப போன்ல அவருகிட்ட வேண்டாம்னு எழுதிக் குடுத்துட்டு வாங்கன்னு சொன்னதும் நான் தான். பையன உசுப்பேத்துறதுக்கு முன்னாடி, கேடர் எப்ப, லீவு எப்பன்னு அவன் வீட்டுக்கு முன்கூட்டியே சொல்லுங்க. பாதி அன்வில்லிங் வீட்டுல இருந்து வர்ற போன்ல தான் எழுதப்படுது, உங்க கோல்னா ஜோட்னாவுல இல்ல.

சுபேதார்_தக்கலை:
அம்மா, லீவு ரோஸ்டர் கம்பெனி கமாண்டர் கையில, அவரு நல்லவரா இருந்தா கேடருக்கு முன்னாடியே அனுப்பிருவாரு. ஆனா அன்னைக்கு உங்க பேச்ச கேட்டிருந்தா இப்ப 24 வருசம் கெடையாது, அத நெனச்சுப் பாருங்க.

கருங்கல்காரி:
24 வருசம்னு ஈசியா எழுதிட்டீங்க. அதுல எத்தன வருசம் அவரு இந்த வீட்டுல இருப்பாருன்னும் எழுதுங்க.

சி.ஆர்.பி.எஃப்_குழித்துறை:
உங்களுக்காவது பழைய பென்ஷன். நாங்களும் காஷ்மீர்ல தான் நிக்கோம், 2004-க்கு பிறகு சேந்தவனுக்கு அந்த பழைய பென்ஷன் கெடையாது. அதப்பத்தி ஒருத்தன் வாய் தெறக்கல. இன்னொண்ணு, 10 வருசம்.

தோவாளைக்காரன்:
குழித்துறை அண்ணே, அவரு ஆர்மின்னு முதல்லயே சொல்லியாச்சு.

சி.ஆர்.பி.எஃப்_குழித்துறை:
தோவாளையில பூ கட்டுறவன் எனக்கு சர்வீஸ் ரூல் சொல்லித் தாரியா டே?

தோவாளைக்காரன்:
பூ கட்டுறதுல என்ன கொறச்சல்? எங்க அப்பா கட்டுன பூவுல தான் தம்பி படிச்சு ஆள்சேர்ப்பு ரேலிக்கு போனான். மரியாதையா பேசுங்க.

ரப்பர்காட்டான்:
பாத்தீங்களா, சிப்பாய்க்கும் பூ கட்டுறவனுக்கும் இந்த ஊர்ல இதே மரியாதை. என் பதிவ நான் எடுக்க மாட்டேன். 37 வயசுல வந்தேன், ரப்பர் வெட்டுகேன், பிள்ளைய நானே ஸ்கூலுக்கு கொண்டு விடுகேன்.

சுபேதார்_தக்கலை:
எடுக்காண்டாம். அதுக்கு கீழயே நான் 17, 19, 24, 26, 28 எல்லாத்தையும் எழுதிட்டு வாரேன், அன்வில்லிங் எழுதினா எம்.ஏ.சி.பி. போகும்ங்கிறதயும் சேத்து. படிக்கிற பையன் ரெண்டையும் படிக்கட்டும். தோவாளை மக்களே, நீ தம்பி நம்பர தனியா அனுப்பு, இந்தி நோட்டு இன்னும் என்கிட்ட இருக்கு.

சி.ஆர்.பி.எஃப்_குழித்துறை:
ஆர்டர் காப்பி போடுகேன், வெயிட் பண்ணுங்க.