எட்டல்ப்ருக்கிலிருந்து கிர்ஷ்பெர்குக்கு (லக்சம்பர்க்) தினமும்: ரயில், டிராம், சைக்கிள் மூன்றையும் எப்படி இணைப்பது?

வடக்குவழி:
வணக்கம். லக்சம்பர்க் நகரின் கிர்ஷ்பெர்க் பகுதியில் வேலை, எட்டல்ப்ருக்கில் வாடகை வீடு. வீட்டுக்கும் ரயில் நிலையத்துக்கும் 3 கி.மீ. நாட்டுக்குள் எல்லா வண்டியும் இலவசம் என்கிறார்கள். நிஜமாகவே டிக்கெட் எதுவும் வேண்டாமா? எங்காவது பதிவு செய்யணுமா? சைக்கிளை ரயிலில் ஏற்றிக்கொண்டு போய் அந்தப் பக்கமும் ஓட்டலாமா? கார் வாங்குவதை ஒரு வருஷமாவது தள்ளிப்போடலாம் என்று யோசனை. இந்திய லைசென்ஸ் இருக்கிறது. விவரம் தெரிந்தவர்கள் சொல்லுங்கள்.

தண்டவாளம்:
டிக்கெட்டும் வேண்டாம், பதிவும் வேண்டாம். 2020 மார்ச்சிலிருந்து பஸ், டிராம், ரயில் மூன்றும் இலவசம். அங்கே குடியிருப்பவரா, இரண்டு நாள் சுற்றிப்பார்க்க வந்தவரா என்று யாரும் கேட்பதில்லை. ஏறி உட்கார வேண்டியதுதான். ரயிலில் முதல் வகுப்புக்கு மட்டும் இன்னமும் காசு. கூட்ட நேரத்தில் அந்தப் பகுதி மட்டும் காலியாகக் கிடக்கும், ஆசையாக இருக்கும். உட்காருவதற்கு முன்னால் கதவில் "1" போட்டிருக்கிறதா என்று பாருங்கள்.

டிக்கெட்டை விட முக்கியம், எங்கே இறங்குவது என்பது. புதிதாக வருபவர்கள் பெரும்பாலும் சென்ட்ரல் ஸ்டேஷன் வரை போய், அங்கே டிராம் பிடித்து, ஊரைக் கடந்து, பாலத்தைத் தாண்டி கிர்ஷ்பெர்குக்கு வருவார்கள். வந்த திசையிலேயே பாதி தூரம் திரும்புகிற வேலை அது. கால் மணி நேரம் வீண். உங்கள் ரயில் 10-ஆம் பாதை. அது சென்ட்ரலுக்கு முந்தின நிறுத்தமான ஃபாஃபன்தால்–கிர்ஷ்பெர்கில் நிற்கும். ஸ்டேஷன் இருப்பது பள்ளத்தாக்கில், கிர்ஷ்பெர்க் இருப்பது மேட்டில். இரண்டையும் இணைக்க 2017 டிசம்பரில் ஃபனிக்குலர் போட்டார்கள். வடம் இழுக்கும் பெட்டி, பழனி விஞ்ச் மாதிரி என்று வைத்துக்கொள்ளுங்கள். அடுத்தடுத்து வந்துகொண்டே இருக்கும், மேலே போக ஒரு நிமிஷம்தான். வெளியே வந்தால் "ரௌட் ப்ரெக்" டிராம் நிறுத்தம். ஃபிண்டல் விமான நிலையப் பக்கம் போகிற டிராமில் ஏறுங்கள். அந்தப் பாதை 2025 மார்ச்சில்தான் விமான நிலையத்தைத் தொட்டது, அதனால் பழைய வழிகாட்டிக் குறிப்புகளில் இது இருக்காது.

10-ஆம் பாதையில் ஒரு தலைவலி உண்டு. பள்ளி விடுமுறைக் காலத்தில், அதுவும் கோடையில், தண்டவாள வேலைக்காக ஏதாவது ஒரு பகுதியை மூடிவிட்டு மாற்றுப் பஸ் விடுவார்கள். மொபிலிடெய்ட் என்ற பொதுப் போக்குவரத்துச் செயலியில் முந்தின நாள் இரவே பார்த்துவிடுங்கள். காலையில் பிளாட்பாரத்தில் நின்றுகொண்டு பார்த்துப் புண்ணியமில்லை. ஊர்ப்பெயர்களும் குழப்பும்: பிரெஞ்சு, ஜெர்மன், லக்சம்பர்கிஷ் என்று ஒரே ஊருக்கு மூன்று எழுத்துமுறை. எட்டல்ப்ருக்கே சில பலகைகளில் எட்டல்ப்ரெக் ஆகிவிடும்.

சங்கிலி_எண்ணெய்:
சைக்கிள் கேள்விக்கு வருகிறேன். ரயிலில் சைக்கிளுக்குக் கட்டணமில்லை, முன்பதிவும் இல்லை. ஆனால் இடம் இருந்தால்தான். கதவில் சைக்கிள் படம் போட்ட பெட்டியில் ஏற்றணும். வேறு கதவில் ஏற்றினால் நடைபாதை அடைபடும், கண்டக்டர் இறங்கச் சொன்னால் வாதாட வழியில்லை. காலை 7 முதல் 9 வரை நகரத்தை நோக்கிப் போகிற ரயிலில் தினமும் முழு சைக்கிளை ஏற்றுவது நடக்காத காரியம். மடக்கு சைக்கிள் என்றால் மடக்கிப் பக்கத்தில் வைத்துக்கொள்ளலாம், அது பெட்டி படுக்கைக் கணக்கு.

என் யோசனை: சைக்கிள் எட்டல்ப்ருக்கிலேயே நிற்கட்டும். 3 கி.மீ. பத்துப் பன்னிரண்டு நிமிஷம்தான். பெரிய ஸ்டேஷன்களில் எம்பாக்ஸ் என்று பூட்டிய சைக்கிள் அறை இருக்கிறது. எம்கார்ட் என்ற அட்டையை வாங்கிப் பதிவு செய்தால் கதவு திறக்கும். அறை பூட்டியிருக்கிறதே என்று சைக்கிளைச் சும்மா சாய்த்து வைக்காதீர்கள். அது பொது அறை, அட்டை வைத்திருக்கிற எவரும் வரலாம். யூ-பூட்டை பின்சக்கரத்தையும் ஃபிரேமையும் சேர்த்து இரும்புச் சட்டத்தோடு போடுங்கள்.

கிர்ஷ்பெர்க் பக்கம் டிராமே போதும். அலுவலகம் நிறுத்தத்திலிருந்து தள்ளி இருந்தால் வெலோ என்ற வாடகை சைக்கிள். எல்லாமே மின்சார உதவி உள்ளவை. சந்தா இருந்தால் ஒவ்வொரு பயணத்திலும் முதல் 30 நிமிஷம் இலவசம். நிலையத்தில் திருப்பி மாட்டும்போது பூட்டு விழுந்ததா என்று இழுத்துப் பாருங்கள். விழாவிட்டால் கடிகாரம் ஓடிக்கொண்டே இருக்கும்.

குளிர்காலத்துக்கு: சாலையில் உப்புத் தூவுவார்கள். அது சங்கிலியைத் தின்றுவிடும். வாரம் ஒருமுறை ஈரத்துணியால் துடைத்து, காய்ந்த பிறகு ஒவ்வொரு கண்ணிக்கும் ஒரு சொட்டு எண்ணெய். ஐந்து நிமிஷம் கழித்து வெளிப்பக்கத்தைத் துடைத்துவிடணும். துடைக்காமல் விட்ட எண்ணெயில் உப்பும் மணலும் ஒட்டி அரத்தூளாக மாறும். மின்சார சைக்கிள் என்றால் பேட்டரியைக் கழற்றி வீட்டுக்குள் கொண்டுபோய், அறை வெப்பத்துக்கு வந்த பிறகு சார்ஜ் போடுங்கள். உறைநிலையில் சார்ஜ் ஏற்றினால் செல் கெடும்.

மழைக்கோட்டு:
லைசென்ஸ் விசயத்தைப் பிந்தப் போடாதேங்கோ. கார் வாங்கிறது அடுத்த வருசம் எண்டாலும், லைசென்ஸ் மாத்திறது இந்த வருசம் செய்ய வேண்டிய வேலை. ஐரோப்பிய ஒன்றியத்துக்கு வெளியில எடுத்த லைசென்ஸை அங்க குடியேறி ஒரு வருசத்துக்குள்ள மாத்த வேணும். அந்தத் தவணை போனால் பிறகு சோதனை எடுத்துத்தான் ஆகவேணும். கனபேர் "இப்ப கார் இல்லைத்தானே" எண்டு விட்டுட்டு மாட்டுப்படுற இடம் இதுதான்.

வேகம்: ஊருக்குள்ள 50, வெளி றோட்டில 90, மோட்டார்வேயில 130, மழை பெய்தால் 110. பனி, ஐஸ் இருக்கிற றோட்டில குளிர்கால டயர் கட்டாயம். அதுக்குத் தேதிக் கணக்கில்லை, றோட்டு எப்பிடி இருக்கோ அதுதான் கணக்கு. சைக்கிளை முந்தேக்க 1.5 மீட்டர் இடைவெளி விட வேணும். நீங்கள் சைக்கிளில போகேக்கயும் இதை ஞாபகத்தில வைச்சு, ஓரத்தோட ஒட்டி ஓடாதேங்கோ. ஒட்டி ஓடினால் இடிக்கிற மாதிரி முந்துவினம்.

இன்னொண்டு. பஸ் தரிப்பில சும்மா நிண்டால் பஸ் நிக்காமல் போகலாம். வாறது தெரிஞ்சவுடன கையைக் காட்ட வேணும்.

வடக்குவழி:
மூவருக்கும் நன்றி. இறங்கும் இடம் பற்றிச் சொன்னதே பெரிய உதவி. இன்னும் இரண்டு சந்தேகம். சனிக்கிழமை ஜெர்மனியின் ட்ரியருக்குப் போனால் எதுவரை இலவசம்? கோடையில் வாரம் ஒருநாள் எட்டல்ப்ருக்கிலிருந்து கிர்ஷ்பெர்க் வரைக்கும் சைக்கிளிலேயே போக முடியுமா?

தண்டவாளம்:
எல்லை வரை இலவசம். ட்ரியர் பக்கம் கடைசி லக்சம்பர்க் ஸ்டேஷன் வாசர்பில்லிக். அதைத் தாண்டும் பகுதிக்கு டிக்கெட் வேண்டும், ஏறுவதற்கு முன்னாலேயே வாங்கிவிடுங்கள். ஒரே ரயில்தான், மாற வேண்டியதில்லை. அதனால்தான் எல்லை தாண்டியதே தெரியாமல் பரிசோதகரிடம் மாட்டுகிறார்கள். பெல்ஜியத்தில் ஆர்லோன், பிரான்சில் தியோன்வில் போனாலும் இதே விதி.

சங்கிலி_எண்ணெய்:
முடியும். தேசியச் சைக்கிள் பாதைகளுக்கு பிசி என்று எண் உண்டு. உங்களுக்கு வேண்டியது பிசி 15. ஆல்சேட் ஆற்றை ஒட்டி மேர்ஷ், லின்ட்கன், வால்ஃபர்டாஞ்ச் வழியாக லக்சம்பர்க் நகரத்துக்கு வரும். 30 கி.மீ.க்கு மேல், ஆனால் பள்ளத்தாக்கு என்பதால் பெரிய ஏற்றமில்லை. சாதாரண சைக்கிளில் இரண்டு மணி நேரம் வைத்துக்கொள்ளுங்கள். இலையுதிர்காலத்தில் மரநிழல் வளைவுகளில் ஈர இலை சோப்பு மாதிரி வழுக்கும். வளைவுக்கு முன்னாலேயே பிரேக் பிடித்து வேகம் குறைக்கணும், வளைவுக்குள் பிடிக்கக் கூடாது.

கடைசி மேடுதான் சிக்கல், அங்கேதான் வழியும் தவறும். ஃபாஃபன்தாலில் மேலே தூக்க இரண்டு ஏற்பாடு இருக்கிறது. 71 மீட்டர் உயரக் கண்ணாடி லிஃப்ட், 2016-இல் திறந்தது, பழைய நகரத்தின் பக்கம் கொண்டுபோய் விடும். கிர்ஷ்பெர்குக்கு ஏற்றிவிடுவது எதிர்ச்சரிவில் உள்ள ஃபனிக்குலர். இரண்டிலும் சைக்கிள் ஏற்றலாம், இரண்டுக்கும் காசில்லை. லிஃப்ட் கண்ணில் பட்டவுடன் ஏறிவிட்டால் சிவப்புப் பாலத்தைக் கடந்து திரும்பவும் கிர்ஷ்பெர்க் வரணும்.

மேலே டிராம் தண்டவாளம் இருக்கும், கவனம். அதன் பள்ளம் கிட்டத்தட்ட 4 செ.மீ. அகலம், 28, 32 மி.மீ. டயர் அப்படியே உள்ளே இறங்கிவிடும். குறுக்கே கடக்கும்போது ஹேண்டிலைத் திருப்பி 60 டிகிரிக்குக் குறையாமல் கடந்து போங்கள். தண்டவாளத்தின் மேல் இருக்கும்போது பிரேக்கும் பிடிக்காதீர்கள், பெடலையும் அழுத்தாதீர்கள். திரும்ப இடமில்லாவிட்டால் இறங்கித் தள்ளிக்கொண்டு போவதே மேல். சாயங்காலம் திரும்பிவர சைக்கிளை ரயிலில் ஏற்றுவதானால் ஆறரைக்கு மேல் கிளம்புங்கள், கூட்டம் குறைந்திருக்கும்.