ஏற்காடு பள்ளிக்கூட ஜன்னலுக்கு லேமினேட்டட் கண்ணாடி தேவையா?

செவ்வாய்ப்பேட்டை கண்ணாடிக்காரன்: “டஃபன்ட் போட்டாலே போதும், லேமினேட்டட் எல்லாம் காசு புடுங்குற வேலை”ன்னு நேத்து ஒருத்தர் எழுதியிருக்கார். படிச்சதும் பத்திக்கிட்டு வந்துச்சு. டஃபன்ட்னா சூடாக்கி சட்டுன்னு குளிர வெச்சு பலப்படுத்தின ஒத்தைக் கண்ணாடி; உடைஞ்சா கல்கண்டு மாதிரி மொத்தமா கொட்டிடும். ரெண்டாவது மாடியில இருந்து கொட்டினா கீழ நிக்கிற புள்ளைங்க கதி? லேமினேட்டட்ல ரெண்டு கண்ணாடிக்கு நடுவுல பீவீபின்னு ஒரு பிளாஸ்டிக் ஃபிலிம் ஒட்டியிருக்கு. விரிசல் விட்டாலும் சில்லு ஃபிலிம்லயே ஒட்டிக்கிட்டு ஃப்ரேம்ல நிக்கும்.

ஃபேர்லேண்ட்ஸ் அப்பா: எழுதினது நான்தாங்க. ஒண்ணே ஒண்ணு சொல்லுங்க. தீ புடிச்சா அந்தக் கண்ணாடிய எப்படி உடைச்சு வெளிய வர்றது? 2004-ல கும்பகோணத்துல 94 குழந்தைங்க கருகினது மறந்துபோச்சா?

செவ்வாய்ப்பேட்டை கண்ணாடிக்காரன்: அங்க எரிஞ்சது கீத்துக் கூரை. கண்ணாடியை ஏன் இழுக்கறீங்க? நம்ம ஊர்ல எந்த ஸ்கூல் ஜன்னல்ல இரும்பு கிரில் இல்ல? கண்ணாடி உடைஞ்சாலும் கிரில் வழியா எவன் வெளிய வருவான்? வெளியேற கதவும் மாடிப்படியும்தான் வழி.

ஃபேர்லேண்ட்ஸ் அப்பா: தீ வந்தா எப்படி உடைக்கிறது? அதுக்கு பதில் வரல.

அஸ்தம்பட்டி டீச்சர்: அமெரிக்காவுல 2012-ல சாண்டி ஹூக் பள்ளியில, பூட்டின கதவுக்குப் பக்கத்துக் கண்ணாடியைச் சுட்டு உடைச்சுத்தான் ஒருத்தன் உள்ள போனான். 26 உயிர். அதுக்கப்புறம் அங்க பள்ளிக்கு லேமினேட்டட் போடறதைப் பத்தி பேச்சு கூடிடுச்சு. சாதாரண லேமினேட்டட் குண்டைத் தடுக்காது, ஆனா உள்ள நுழையறதைத் தாமதப்படுத்தும்.

ஏற்காட்டான்: துப்பாக்கிக் கதை இங்க எதுக்குங்க டீச்சர்? எங்களுக்குப் பிரச்சனை சில்வர் ஓக் கிளையும் ஆலங்கட்டியும். அப்புறம் மஞ்சு, அதான் பனிமூட்டம். ஓரத்துல ஈரம் ஏறினா ஃபிலிம் விட்டுக்கிட்டு விளிம்பு வெள்ளையா பூக்குது. கண்ணாலயே பாத்திருக்கேன். கடைக்காரங்க இதைச் சொல்றதே இல்ல.

செவ்வாய்ப்பேட்டை கண்ணாடிக்காரன்: சொல்லாம என்ன? விளிம்பு தண்ணியில நிக்கக் கூடாது, ஃப்ரேம் அடியில ஓட்டை விடணும், கண்ணாடியைச் சுத்திப் புடிக்கிற பீடிங் பட்டை சரியா உக்காரணும். உங்க ஊர் கான்ட்ராக்டர் கண்ட சிலிக்கானையும் அப்பிட்டுப் போனா அது கண்ணாடி மேல தப்பா?

ஏற்காட்டான்: எங்க ஊர் கான்ட்ராக்டரைப் பேசாதீங்க. சேலத்துக்காரங்க மலையேறி வந்து வேலை பாத்த லட்சணம் எங்களுக்கும் தெரியும்.

செவ்வாய்ப்பேட்டை கண்ணாடிக்காரன்: சேலத்துக்காரன் வேலைதான் உங்க பாதி பங்களாவுல நிக்குது! விஷயத்துக்கு வாங்க. 3 எம்எம் கண்ணாடி ரெண்டு, நடுவுல 0.38 எம்எம் ஃபிலிம், மொத்தம் 6.38 எம்எம். வகுப்பறைக்கு அதாவது வேணும். பந்து படற பக்கம் 0.76 ஃபிலிம். கார் முன்கண்ணாடியும் லேமினேட்டட்தான். கல்லடி பட்டு நெளிநெளியா விரிசல் ஓடி, ஒரு சில்லுகூட மடியில விழாம நிக்கிறதை எத்தனை பேர் பாத்திருப்பீங்க? வண்டியில போறவங்களுக்கு உண்டு, பெஞ்சுல உக்கார்ற புள்ளைக்கு இல்லையா?

ஃபேர்லேண்ட்ஸ் அப்பா: சதுரடிக்கு எவ்வளவு லாபம்னும் சேத்துச் சொல்லிடுங்க.

செவ்வாய்ப்பேட்டை கண்ணாடிக்காரன்: டஃபன்டும் நான்தான் விக்கிறேன். எனக்கு எது வித்தாலும் காசுதான். ஜன்னலோரத்துல உக்கார்றது உங்க புள்ளைங்க.

அஸ்தம்பட்டி டீச்சர்: ரெண்டு டஃபன்டை லேமினேட் பண்ணிப் போடலாமே?

செவ்வாய்ப்பேட்டை கண்ணாடிக்காரன்: போடலாம், பலம் கூடும். ஆனா ரெண்டு பக்கமும் நொறுங்கிட்டா துணி மாதிரி தொங்கும்மா. ஃப்ரேம் நாலு பக்கமும் இறுக்கிப் புடிக்கணும்.

ஃபேர்லேண்ட்ஸ் அப்பா: ஃப்ரேம் கிடக்கட்டும். தீ வந்தா?

செவ்வாய்ப்பேட்டை கண்ணாடிக்காரன்: மொதல்ல உங்க புள்ளை ஸ்கூல் மாடிப்படியில அடுக்கியிருக்கிற பழைய பெஞ்சை எடுக்கச் சொல்லுங்க.

ஃபேர்லேண்ட்ஸ் அப்பா: என் புள்ளை ஸ்கூலைப் பத்தி உங்களுக்கு என்ன தெரியும்?