ஜெர்மன் சூப்ளெக்ஸ் என்ற பெயருக்குள் ஜெர்மனி எப்படி வந்தது?

மேட்டுத்தெரு – கேள்வி

அனைவருக்கும் வணக்கம். ஆறாம் வகுப்பில் படிக்கும் என் அக்கா மகனோடு உட்கார்ந்து தொழில்முறை மல்யுத்தம் பார்ப்பது எங்கள் வீட்டில் வார இறுதி வழக்கம். சென்ற வாரம் ஒரு வீரர் எதிராளியைப் பின்னாலிருந்து இடுப்போடு சேர்த்துக் கட்டி, தன் முதுகை வில்லாக வளைத்து, அவரைத் தலைக்கு மேலாகத் தூக்கிப் பின்புறம் சாய்த்தார். சாய்த்த பிறகும் அந்த வளைவைக் குலைக்காமல், கால் விரல்களிலும் கழுத்திலும் உடலைத் தாங்கி நின்றபடியே, நடுவர் மூன்று எண்ணும்வரை எதிராளியின் தோள்களைத் தரையில் அழுத்தி வைத்திருந்தார். வர்ணனையாளர் அதை 'ஜெர்மன் சூப்ளெக்ஸ்' என்றார். "மாமா, இதை ஜெர்மனிக்காரர்தான் கண்டுபிடித்தாரா?" என்று பையன் கேட்டான். நானும் யோசிக்காமல் ஆமாம் என்று சொல்லிவிட்டேன்.

பிறகு தேடிப் பார்த்தால், அதைப் புகழ்பெறச் செய்த கார்ல் காட்ச் 1924-இல் பெல்ஜியத்தின் ஆன்ட்வெர்ப் நகரில் பிறந்தவர். சார்லஸ் இஸ்தாஸ் என்ற இயற்பெயரில் 1948 லண்டன் ஒலிம்பிக்கில் பெல்ஜியத்துக்காகவே களமிறங்கியவர். பையனிடம் தவறாகச் சொல்லிவிட்டோமே என்று மனம் உறுத்துகிறது. இந்தப் பிடிகளுக்கும் வீச்சுகளுக்கும் பெயர் வைப்பவர் உண்மையில் யார்? கண்டுபிடித்தவரா, செய்து காட்டியவரா, போட்டியை நடத்துபவரா? விவரம் அறிந்தவர்கள் விளக்கினால் அவனுக்குச் சரியாகச் சொல்லிவிடுவேன்.

கருங்கல் – பதில்

நீங்கள் முழுவதும் தவறாகச் சொல்லிவிடவில்லை. கோதாவுக்கு வெளியே காட்ச் பெல்ஜியத்துக்காரர்தான், ஆனால் கோதாவுக்குள் அவர் ஜெர்மானியராகவே அறிமுகப்படுத்தப்பட்டார். ஒலிம்பிக்குக்குப் பிறகு இங்கிலாந்தின் விகன் நகரில் பில்லி ரைலி நடத்திய, 'பாம்புக்குழி' என்று பெயர்பெற்ற பயிற்சிக்கூடத்தில் பிடிகளைக் கற்றார். 1961-இல் ஜப்பானுக்குச் சென்றபோது கார்ல் கிராவ்ஸர் என்ற ஜெர்மானியப் பெயரில் மோதினார். ஜப்பானிய ரசிகர்கள் அந்த வளைவை முதன்முதலில் ஒரு 'ஜெர்மானியரின்' முதுகில்தான் பார்த்தார்கள் என்பதால், அவர் ஏற்றிருந்த வேடத்தின் நாடே வீச்சின் பெயராக நிலைத்துவிட்டது. காட்ச் என்ற பெயரும்கூடப் பிறகு அமெரிக்காவில் சூட்டிக்கொண்டதுதான். இருபதாம் நூற்றாண்டின் தொடக்கத்தில் உலகப் பட்டம் வென்ற ஃபிராங்க் காட்சின் நினைவாக வந்தது.

'சூப்ளெக்ஸ்' என்ற சொல்லின் வேரை 'சூப்ளெஸ்' என்ற பிரெஞ்சுச் சொல்லில் காண்கிறார்கள். வளைந்து கொடுக்கும் தன்மை என்பது அதன் பொருள். கிரேக்க-ரோமானியப் பாணி மல்யுத்தத்தில் இவ்வகை வீச்சுக்கு வழங்கிய பெயர் அது. உங்கள் அக்கா மகன் கண்ட அந்த வில் போன்ற முதுகை அந்தப் பழைய சொல் சரியாகவே பிடித்து வைத்திருக்கிறது.

இதே வீச்சுக்கு ஜப்பானிய எழுத்தில் இன்னொரு பெயரும் உண்டு: 'கென்பாகு-கதாமே', அதாவது 'அணுகுண்டுப் பிடி'. ஹிரோஷிமாவும் நாகசாகியும் எரிந்து பதினாறே ஆண்டுகள் ஆகியிருந்த நாட்டில் இந்த வீச்சு அறிமுகமாகியிருக்கிறது. அந்தப் பெயரை முதன்முதலாகப் படித்தபோது நான் சிறிது நேரம் மேற்கொண்டு படிக்க முடியாமல் நிறுத்திவிட்டேன். இன்று அந்நாட்டு ரசிகர்கள் அதை வெறும் கலைச்சொல்லாகவே படிக்கிறார்கள். தத்சுமி ஃபுஜினாமி செய்த டிராகன் சூப்ளெக்ஸ் 'பறக்கும் நாகத்தின் அணுகுண்டுப் பிடி' என்றும், புலி முகமூடி அணிந்து மோதிய முதல் டைகர் மாஸ்க் செய்தது 'கொடும்புலியின் அணுகுண்டுப் பிடி' என்றும் அதே வேரிலிருந்து கிளைவிட்டிருக்கின்றன.

வேடத்துக்கு ஏற்பப் பெயர் மாறுவதற்கு இதைவிடத் தெளிவான சான்று 'கேமல் கிளட்ச்'. குப்புறக் கிடப்பவரின் முதுகில் அமர்ந்து, அவர் கைகளைத் தன் தொடைகள்மேல் போட்டுக்கொண்டு, தாடையை இரு கைகளாலும் பற்றிப் பின்னோக்கி இழுக்கும் பிடி அது. மெக்சிகோவில் கோரி கெரேரோ உருவாக்கிய இந்தப் பிடியை அங்கே 'குதிரையேற்றம்' என்ற பொருளில்தான் அழைக்கிறார்கள். அவரோடு இணைந்து மோதிய எல் சாந்தோவும் அதே பெயரில்தான் அதைப் பயன்படுத்தினார். பிடி அமெரிக்காவுக்குப் போனதும், மிச்சிகன் மாநிலத்தின் லான்சிங்கில் பிறந்து 'ஷேக்' என்ற அரபு வேடம் பூண்ட எட் ஃபர்ஹட்டின் கையில் குதிரை ஒட்டகமாகிவிட்டது. 1983 டிசம்பர் 26 அன்று 'அயர்ன் ஷேக்' என்ற வேறொரு வீரர் பாப் பேக்லண்டிடமிருந்து பட்டத்தைப் பறித்தது இந்த ஒட்டகப் பிடியால்தான்.

தாழைமடல் – பதில்

கருங்கல் சொன்னது சரி, ஆனால் எல்லாப் பெயரும் வேடத்திலிருந்து வந்துவிடவில்லை. கண்ணுக்கு என்ன தெரிகிறதோ அதைக் கொண்டு வைத்த பெயர்களும் நிறைய இருக்கின்றன. எனக்கு மிகவும் பிடித்தவையும் அவைதான். ஓடிவரும் எதிராளியின் கழுத்துக்குக் குறுக்கே கையை நீட்டி வீழ்த்தும் அடியை 'குளோத்ஸ்லைன்' என்கிறார்கள். துணி காயப்போடும் கொடிதான் அது. கொல்லைப்புறத்தில் ஓடிப்பிடித்து விளையாடும்போது தாழக் கட்டிய கொடிக்கயிறு கழுத்தில் மாட்டி மல்லாக்க விழுந்த அனுபவம் நம்மில் பலருக்கு உண்டு. எனக்குத் தொண்டையின் குறுக்கே சிவந்த கோடு இரண்டு நாள் இருந்தது. நம் நாட்டுக் குஸ்திப் பயில்வான்களும் எதிராளியைத் தோளுக்கு மேலாகச் சுழற்றித் தரையில் அடிக்கும் வீச்சைத் 'தோபி பாட்' என்றுதான் சொல்கிறார்கள். துணியைத் தோளுக்கு மேல் சுழற்றிக் கல்லில் அறையும் சலவைக்காரரின் கையசைவு அது.

இந்தக் கொடிக்கயிற்று அடியிலிருந்துதான் 'லாரியட்' பிரிகிறது. குளோத்ஸ்லைனில் கை கம்பு போல விறைத்து நிற்கும். லாரியட்டில் கை சாட்டையாக வீசப்பட்டுக் கழுத்தைச் சுற்றிக்கொள்ளும். டெக்சாஸ்காரரான ஸ்டான் ஹான்சன் மாட்டுக்காரத் தொப்பியும் கையில் கயிறுமாகக் கோதாவுக்கு வருபவர் என்பதால், மாட்டுக்குச் சுருக்கு வீசும் கயிற்றின் பெயர் அவருடைய கைக்கு வந்து சேர்ந்தது. 1976 ஏப்ரல் 26 அன்று நியூயார்க்கின் மேடிசன் ஸ்கொயர் கார்டனில் அவரோடு மோதிய புரூனோ சம்மார்டினோவின் கழுத்தெலும்பு முறிந்தது. உண்மையில் அது தூக்கித் தரையில் போடும் சாதாரண வீச்சு தவறியதால் நேர்ந்த விபத்து. போட்டி நடத்தியவர்களோ லாரியட்டால் முறிந்தது என்று பரப்பினார்கள், அந்தப் பேச்சு அடியின் புகழை ஒரே இரவில் உயர்த்திவிட்டது. ஒரு மனிதர் கழுத்து முறிந்து படுத்திருந்ததை விளம்பரமாக்கியதை என்னால் இன்றும் ஏற்றுக்கொள்ள முடியவில்லை.

கண்ணுக்குத் தெரிவதும் ஊருக்கு ஊர் மாறுகிறது. எதிராளியைக் குப்புறப் போட்டு, அவர் முழங்கால்களைத் தன் கால்களால் பூட்டி, இரு கைகளையும் பற்றிக்கொண்டு பின்னால் சாய்ந்து, அவரை அந்தரத்தில் மல்லாக்கத் தொங்கவிடும் ஒரு பிடி இருக்கிறது. ஆங்கிலம் பேசுவோர் அதில் அலைச்சறுக்குப் பலகையைக் கண்டார்கள். ஜப்பானியர்கள் 'தொங்கும் கூரை' என்றார்கள். மெக்சிகோவில் அது 'தபாத்தியா', அதாவது குவாதலஹாரா ஊர்க்காரி. அதை உருவாக்கிய ரீட்டோ ரொமேரோவின் பெயர் 'ரொமேரோ ஸ்பெஷல்' என்ற வழக்கில் மட்டும் எஞ்சியிருக்கிறது.

நெடுஞ்சாலைப்புளி – பதில்

நடிப்பையும் தோற்றத்தையும் சொன்னீர்கள். வியாபாரத்தை யாரும் தொடவில்லை. ஒரு பிடியை ஒருவர் செய்துவிட்டால் மறுநாளே இன்னொருவர் செய்யலாம், யாரும் தடுக்க முடியாது. பெயரை மட்டும் தனக்கென்று வைத்துக்கொள்ளலாம். எதிராளியின் தலையைத் தோளோடு சேர்த்துப் பிடித்துக்கொண்டு விழும் 'கட்டர்' வகையை எடுத்துக்கொள்ளுங்கள். ஜானி ஏஸ் செய்தபோது 'ஏஸ் கிரஷர்', டயமண்ட் டல்லஸ் பேஜ் செய்தபோது 'டயமண்ட் கட்டர்', ராண்டி ஆர்ட்டன் செய்யும்போது அவருடைய முழுப்பெயரின் முதலெழுத்துகளான 'ஆர்கேஓ'. ரே மிஸ்டீரியோவின் '619' அவருடைய சான் டியேகோவின் தொலைபேசிப் பகுதி எண். கயிறுகளுக்கிடையே கால்களைச் சுழற்றும் அந்த அசைவை 1980-களிலேயே டைகர் மாஸ்க், வெளியே பாய்வதுபோல் போக்குக் காட்டுவதற்குச் செய்துகொண்டிருந்தார். மிஸ்டீரியோ அதை எதிராளியின் முகத்தில் விழும் உதையாக்கித் தன் ஊரின் எண்ணைச் சூட்டினார். பிராக் லெஸ்னரின் 'எஃப்-5' சூறாவளிகளை அளக்கும் ஃபுஜிட்டா அளவுகோலின் உச்சப் படியிலிருந்து வந்தது.

இந்த வகையில் முதலிடம் 'டிடிடி'க்குத்தான். எதிராளியின் தலையைத் தன் அக்குளில் பூட்டிக்கொண்டு அப்படியே பின்னால் விழ, அவர் உச்சந்தலை தரையில் மோதும். ஜேக் ராபர்ட்ஸ் இதைத் திட்டமிட்டுச் செய்யவில்லை. தலையைப் பிடித்திருந்தபோது கால் இடறி விழுந்ததில் கிடைத்தது என்று அவரே பல நேர்காணல்களில் சொல்லியிருக்கிறார். அதற்கு அவர் வைத்தது பூச்சிக்கொல்லியின் பெயர். நம் ஊர்களில் மலேரியா ஒழிப்புக்காக வீட்டுச் சுவர்களில் அடித்துவிட்டுப் போன அதே டிடிடி மருந்து. ரசிகர்களுக்கு அது போதவில்லை. அவர் கோதாவுக்குச் சாக்குப்பையில் கொண்டுவந்த டேமியன் என்ற மலைப்பாம்பை வைத்து 'டேமியனின் சாப்பாட்டு நேரம்' என்றெல்லாம் அந்த மூன்று எழுத்துகளுக்கு விரிவு கண்டுபிடித்தார்கள். ராபர்ட்ஸுக்கு முன்பே மெக்சிகோ வீரர் பிளாக் கோர்ட்மன் இதையொத்த ஒன்றைச் செய்துவந்தார் என்று மூத்த ரசிகர்கள் குறிப்பிடுவதையும் சேர்த்துக்கொள்ளுங்கள்.

மேட்டுத்தெரு – மறுமொழி

மூவருக்கும் மனமார்ந்த நன்றி. பையனுக்குப் படித்துக் காட்டினேன். ஒட்டகம் குதிரையாக இருந்த கதையை இரண்டு முறை கேட்டான். இப்போது இன்னொரு கேள்வி வைத்திருக்கிறான். ஜப்பானியப் பெயர்கள் சிலவற்றை வர்ணனையாளர்கள் அப்படியே சொல்கிறார்களே, 'என்சுகிரி' என்றால் என்ன? 'மூன்சால்ட்' என்பதில் நிலவு எதற்கு?

கருங்கல் – பதில்

'என்சுய்' என்பது முகுளம், 'கிரி' என்பது வெட்டு. பாடப்புத்தகத்தில் மூளையின் பின்பகுதியில், தண்டுவடத்துக்கு மேலே முகுளம் என்று குறித்திருப்பார்களே, பிடரியின் அந்த இடத்தைக் குறிவைத்து உதைப்பதால் அன்டோனியோ இனோக்கியின் உதைக்கு அந்தப் பெயர். 'முகுளவெட்டு' என்று தமிழில் சொன்னால் ஓர் எழுத்துகூட வீணாகாது. உங்கள் வீட்டில் இனிமேல் அப்படியே சொல்லிப் பழக்கலாம்.

மூன்சால்ட் மல்யுத்தத்தில் பிறந்த பெயரே அல்ல. 1972 மியூனிக் ஒலிம்பிக்கில் ஜப்பானிய ஜிம்னாஸ்டிக் வீரர் மிட்சுவோ த்சுகஹரா கிடைக்கம்பியிலிருந்து உடலை முறுக்கியபடி இரண்டு முறை சுழன்று இறங்கினார். மனிதன் நிலவில் கால்வைத்து மூன்றே ஆண்டுகள் ஆகியிருந்த காலம் அது. எடையற்று மிதப்பது போன்ற அந்த அசைவை 'நிலாத்தரைக் குட்டிக்கரணம்' என்றார்கள். மூலைக் கம்பத்தின் உச்சியிலிருந்து பின்புறமாகச் சுழன்று எதிராளியின்மேல் விழும் பாய்ச்சலுக்குப் பிறகு அந்தப் பெயர் வந்தது. அதைப் பெரும்புகழ் பெறச் செய்த கெய்ஜி முத்தோ, ஆண்டுக்கணக்கில் முழங்கால்கள் தரையில் மோதி மோதித் தேய்ந்துபோக, 2018-இல் இரண்டு முழங்கால்களுக்கும் செயற்கை மூட்டு பொருத்திக்கொண்டார். பையன் மெத்தையில் குதித்துப் பார்க்க நினைத்தால் இதையும் சேர்த்துச் சொல்லுங்கள்.

தாழைமடல் – பதில்

ஒன்றை விட்டுவிட்டோம். லெஸ்னர் எதிராளியின் கையை முதுகுப்புறம் முறுக்கும் 'கிமுரா' பூட்டைப் பையன் பார்த்திருப்பான். ஜூடோவில் அதற்குத் தனிப்பெயர் இருந்தது, விகன் பயிற்சிக்கூடத்தார் அதை இரட்டை மணிக்கட்டுப் பூட்டு என்பார்கள். 1951 அக்டோபரில் ரியோ டி ஜெனிரோவின் மரக்கானா அரங்கில் ஜூடோ வீரர் மசாஹிகோ கிமுரா, பிரேசிலின் ஜியு-ஜிட்சு வீரர் எலியோ கிரேசியின் கையை இந்தப் பூட்டில் மாட்டினார். கை முறிந்தும் எலியோ தோல்வியை ஒப்புக்கொள்ளவில்லை. அவருடைய தரப்பினர்தான் துண்டை எறிந்து போட்டியை நிறுத்தினார்கள். அதன் பிறகு கிரேசி குடும்பத்தார் தங்கள் பள்ளிகளில் அந்தப் பூட்டைக் கற்றுக்கொடுக்கும்போது, தங்கள் வீட்டுப் பிள்ளையின் கையை முறித்தவரின் பெயரையே அதற்குச் சொல்லிக் கொடுத்தார்கள். இன்றைக்கும் அது கிமுராதான்.