மேசையடி வடங்களுக்கு ஒரு சொல்: வடப்பாவு

வணக்கம்.

மேசைக்குப் பின்னால் தொங்கும் கேபிள்களை ஒழுங்குபடுத்தும் வேலைக்கு (ஆங்கிலத்தில் கேபிள் மேனேஜ்மென்ட்) தமிழில் என்ன சொல்லலாம் என்று பேசி, கேபிளை 'வடம்' என்று கொண்டு, 'வட மேலாண்மை' என்று வைத்துக்கொள்ளலாம் என ஏறக்குறைய ஒத்துக்கொண்டுவிட்டோம். அதை முடிவாக்கும் முன் இன்னொரு முறை யோசிப்போமா என்று கேட்கவே எழுதுகிறேன். கொஞ்சம் நீளமாகப் போகும், பொறுத்துக்கொள்ளுங்கள்.

முதலில் வடம். இதில் எனக்கு மறுப்பே இல்லை. கம்பி என்றால் ஒற்றை உலோகம். வடம் என்றால் பல புரிகள் சேர்த்து முறுக்கியது. பிணைய வடம் (நெட்வொர்க் கேபிள்) ஒன்றின் மேல்தோலைச் சீவிப் பாருங்கள். உள்ளே எட்டுக் கம்பிகள், இரண்டிரண்டாக முறுக்கி நான்கு இணைகளாக இருக்கும். ஒவ்வோர் இணையின் முறுக்கும் வெவ்வேறு நெருக்கத்தில் இருக்கும். கயிறு திரிப்பவர் கையில் கொடுத்தால் வடம் என்றுதான் சொல்வார். கேபிள் என்ற ஆங்கிலச் சொல்லும் பருமனான கயிற்றுக்கு வழங்கி, பிறகு மின்சாரத்துக்கு வந்ததுதான். பேச்சில் கேபிள், வயர் என்றே சொல்லிக்கொண்டிருப்போம், அதுவும் சரி. எழுத்துக்கு வடம் போதும்.

சங்கடம் எங்கே வருகிறது என்றால், வடம் இன்னொரு சொல்லோடு சேரும்போது. 'வட மேலாண்மை' என்று தனியே எழுதி வீட்டில் ஒருவரிடம் காட்டினேன். "வடக்கே எதை மேலாண்மை செய்கிறார்கள்?" என்று கேட்டார். அவர்மேல் தப்பில்லை. வடமேற்கு, வடமொழி, வடமாநிலம் என்று பழகிய கண் அப்படித்தான் படிக்கும்.

இதற்கு மொழிக்குள்ளேயே ஒரு வழி இருக்கிறது. திசையைக் குறிக்கும் 'வட'வுக்குப் பின் ஒற்று மிகாது: வடகிழக்கு, வடதுருவம், வடபுலம். ஆனால் வடம் என்பது மரம் மாதிரி. மரக்கிளை, மரப்பலகை என்று மிகுவதுபோல இதிலும் மிகும். ஆகவே இரண்டாம் சொல் ச, த, ப என்று வல்லினத்தில் தொடங்கினால், இது திசையா கயிறா என்பதை அந்த ஒற்றே காட்டிவிடும். மேசைக்கு அடியில் திருகி மாட்டும் தாங்கியை 'வடத்தட்டு' என்று எழுதினால் யாரும் வடக்கே பார்க்க மாட்டார்கள். ககரம் மட்டும் வேண்டாம். 'வடக்கட்டு' என்றால் வடக்கு மறுபடியும் எட்டிப் பார்க்கிறது. மகரத்திலும் உயிரிலும் தொடங்கும் சொற்களுக்கு இந்தத் துணை கிடைக்காது. மேலாண்மை அடிபடுவது முதலில் இதனால்தான்.

இன்னொரு காரணமும் உண்டு. மேலாண்மை என்றதும் நாற்காலியில் உட்கார்ந்து செய்யும் காரியம் நினைவுக்கு வருகிறது. இது மேசைக்கு அடியில் மல்லாந்து படுத்து, வாயில் விளக்கைக் கவ்விக்கொண்டு செய்யும் வேலை. கை செய்யும் வேலைக்குக் கையிலிருந்தே சொல் வர வேண்டும் என்பது என் ஆசை.

'சிக்கெடுப்பு' என்று ஒரு நண்பர் முன்வைத்தார். இனிமையான சொல், எல்லோருக்கும் புரியும். ஆனால் அது சிக்கு விழுந்த பிறகு செய்வது. 2007இல் கலிபோர்னியா பல்கலைக்கழகத்தின் சான் டியேகோ வளாகத்தில் இரண்டு ஆய்வாளர்கள் ஒரு பெட்டிக்குள் நூலைப் போட்டு உருட்டி உருட்டிப் பார்த்தார்கள், 3,415 தடவை. ஏறக்குறைய 46 செ.மீ.க்குக் குறைவான நூலில் முடிச்சே விழவில்லை. அதற்கு மேல் நீளம் கூடக் கூட முடிச்சு விழும் வாய்ப்பும் சட்டென்று ஏறியது. அதாவது, தேவைக்கு மேல் தொங்கும் நீளம் தானே முடிச்சுப் போட்டுக்கொள்ளும். நாம் பெயர் தேடும் வேலை அதற்கு முன்னால் நடப்பது: அளந்து, வழி வகுத்து, ஒன்றன்மேல் ஒன்று ஏறாமல் போட்டு வைப்பது.

இதற்கு நம்மிடம் ஒரு வினை இருக்கிறது, பாவு. கல் பாவிய தரை என்கிறோம். நாற்றுப் பாவுகிறோம். தறியில் நீளவாக்கில் ஓடும் இழைகளுக்குப் பெயரே பாவு. நூற்றுக்கணக்கான இழைகளை நீட்டி, வரிசை மாறாமல், ஒன்றோடொன்று பின்னாமல் அமைத்துக்கொண்ட பிறகுதான் நெசவே தொடங்கும். ஒழுங்காக விரித்து வைத்தல், நீளவாக்கில் ஓடுதல், சிக்காமல் காத்தல் மூன்றும் அந்த ஒரு சொல்லில் அடங்கிவிடுகின்றன. அதனால் வினைக்கு 'வடம் பாவுதல்', பெயருக்கு 'வடப்பாவு' என்று முன்வைக்கிறேன். பகரம் இரட்டிப்பதால் திசைக் குழப்பமும் இல்லை.

இரண்டு மறுப்புகள் வரும். வெல்லப் பாகைப் பேச்சில் பாவு என்கிறோமே என்பது ஒன்று. வடத்தோடு சேர்ந்து வரும்போது பாகு யாருக்கும் தோன்றாது என்று நினைக்கிறேன். தெருவைத் தோண்டியும் கடலடியிலும் கேபிள் போடுவதோடு இது குழம்பாதா என்பது மற்றொன்று. அதற்குப் 'பதித்தல்' என்று ஏற்கெனவே வழங்குகிறோம். மூடி வைப்பது பதித்தல். எடுத்து மாற்ற வசதியாக வைப்பது பாவுதல்.

அப்புறம் துணைச் சொற்கள். பற்களுள்ள பிளாஸ்டிக் பட்டையை, ஒரு பக்கம் இழுத்தால் இறுகுமே, திரும்ப வராதே, அந்தக் கேபிள் டையை 'பல்வார்' என்னலாம். 1958இல் விமானங்களுக்குள் போகும் கம்பிக் கற்றைகளைக் கட்டுவதற்காக வந்த பொருள் அது. பிரித்துப் பிரித்து ஒட்டக்கூடிய வெல்க்ரோ பட்டை 'ஒட்டுவார்'. நாய் ரோமத்தில் ஒட்டிய முள்விதையைப் பார்த்துத்தான் ஒரு சுவிஸ் பொறியாளருக்கு அந்த யோசனை வந்தது. நம் நாயுருவி செய்கிற வேலைதான்.

இந்த இரண்டுக்கும் தனித்தனிப் பெயர் வேண்டும் என்று நான் வற்புறுத்துவதற்குக் காரணம் உண்டு. பிணைய வடம் ஒன்றை மேசைக்கால் மூலையில் பல்வார் போட்டு இறுக்கிக் கட்டியிருந்தேன். சில வாரங்களில் இணைப்பு நொடிக்கு 1000 மெகாபிட்டிலிருந்து 100க்கு இறங்கிவிட்டது. நாள் முழுக்க மென்பொருளிலேயே தேடினேன். கடைசியில் வாரை வெட்டிப் பார்த்தால் தோல் நசுங்கி, உள்ளே ஒரு கம்பி அற்றிருந்தது. 1000க்கு நான்கு இணைகளும் வேண்டும். 100க்கு இரண்டே போதும். அதனால் இணைப்பு முழுதாக அறுந்துபோகாமல், சத்தமில்லாமல் வேகம் மட்டும் குறைந்திருக்கிறது. இந்த வகை வடத்தை அதன் விட்டத்தைப்போல் நான்கு மடங்குக்குக் குறைவான ஆரத்தில் வளைக்கக் கூடாது. ஆறு மில்லிமீட்டர் வடம் என்றால் ஏறத்தாழ இரண்டரை செ.மீ. ஆரம். எனக்கு அப்போது அது தெரியாது. அந்த எல்லைக்கு 'வளைவாரம்' என்ற சொல் பொருந்தும். நல்ல வடப்பாவில் பல்வார் தாங்கியைப் பிடிக்கும், ஒட்டுவார் வடத்தைப் பிடிக்கும்.

மிச்சமாக விடும் நீளத்துக்கு 'தொய்வு' வேண்டாம். பணியில் தொய்வு என்று அது வேறு பொருளில் வேரூன்றிவிட்டது. 'இளக்கம்' என்று சொல்வோம். உயரம் மாற்றும் மேசை வைத்திருப்பவர்களுக்கு இது மிகவும் வேண்டிய சொல். மேசையை ஏற்றும்போது கணினித் திரைக்குப் போகும் வடம் விறைத்து நின்றால் முதலில் உடைவது செருகிதான். மேசை முழு உயரத்தில் நிற்கும்போது இளக்கத்தை அளந்து விட வேண்டும். இறக்கும்போது அது ஒரே பெரிய வளையமாகத் தொங்கட்டும்.

பல வடங்களை ஒன்றாகச் சேர்த்து மூடும் துணிக்குழாய்க்குத்தான் எனக்குச் சொல் அமையவில்லை. 'வடவுறை' திசைக் குழப்பத்தில் மாட்டுகிறது. சாரியை சேர்த்து 'வடத்துறை' என்றால் ஏதோ அரசுத் துறைபோல் ஒலிக்கிறது. வடத்தையே விட்டுவிட்டுக் 'கற்றையுறை' என்று வைக்கலாமா? பாவு, பல்வார், இளக்கம் மூன்றையும் தறி வேலை, தச்சு வேலை தெரிந்தவர்கள் ஒருமுறை வாய்விட்டுச் சொல்லிப் பார்த்து, நாக்கில் எது இடறுகிறது என்று எழுதுங்கள்.