காட்டுப் பாதையில் சைக்கிள் ஓட்டும் சிறுவர்களும் வேக ஓட்டிகளும்: உங்கள் அனுபவம் என்ன?

என் மகளுக்கு ஆறு வயது. அவள் தம்பியின் சைக்கிள் சாயாமல் இருபுறமும் தாங்கும் ஸ்டெபிலைசர் சக்கரங்களைக் கழற்றும் நாளும் நெருங்குகிறது. அதற்குள் இதை எழுதிவிட நினைத்தேன்.

போன வாரம் காட்டுப் பாதையில் எங்களுக்குப் பின்னால் மணியடித்தபடி ஒருவர் வேகமாக வந்தார். மகள் திடுக்கிட்டுத் திரும்பிப் பார்த்தாள். தலை போன பக்கம் தோள் போனது, தோள் போன பக்கம் ஹேண்டில்பார் போனது. ஓரமாகப் போய்க்கொண்டிருந்தவள் நேராக அவர் வழியில் போய் நின்றாள். அவர் பிரேக் பிடித்து ஒதுங்கினார், நல்லவேளை. நேராக ஓட்டிக்கொண்டே பின்னால் பார்ப்பது பழகிப் பழகித்தான் வரும், ஆறு வயதில் அதை எதிர்பார்க்க முடியாது.

சற்று நேரத்தில் வேறு இருவர் வந்தார்கள். "பின்னால் இரண்டு பேர் வருகிறோம், அவசரமில்லை" என்று தொலைவிலேயே குரல் கொடுத்தார்கள். நான் மகளை ஓரத்தில் நிறுத்திவிட்டு "வாருங்கள்" என்று சொல்லும்வரை எங்கள் பின்னாலேயே மெதுவாக உருட்டிக்கொண்டு வந்தார்கள். கடந்தபோது மகள் கையசைத்தாள். அந்த இருவருக்கும் மனதார நன்றி சொல்கிறேன். மற்றவர்களுக்கு எப்படி அமைந்தது?

* * *

சகோதரி, நான் வேகமாக இறங்கும் கூட்டத்தைச் சேர்ந்தவன். மணி மட்டும் போதாது என்பதே என் கருத்தும். யாரோ வருகிறார்கள் என்பதை மட்டுமே மணி சொல்லும். எத்தனை பேர், எவ்வளவு அருகில் என்று சொல்லாது. நாங்கள் ஆள்கணக்கைச் சொல்லித்தான் கடப்போம். கடைசியாக வருபவர் "நான்தான் கடைசி" என்பார். இல்லையென்றால் முதல் ஆள் போனதுமே குழந்தை பாதையின் நடுவுக்கு வந்துவிடும்.

எதிரெதிரே சந்திக்கும்போது இறங்குபவர்தான் ஏறுபவருக்கு வழிவிட வேண்டும். ஏற்றத்தில் ஒருமுறை காலூன்றிவிட்டால் மறுபடி மிதித்துக் கிளம்புவது பெரியவர்களுக்கே கடினம். சின்னக் கால்களை நினைத்துப் பாருங்கள்.

குடும்பங்களுக்கு ஒன்று சொல்ல வேண்டும். பாதை எவ்வளவு கடினம் என்று காட்ட அதன் தொடக்கத்தில் இருக்கும் நிறக் குறியீட்டை மேலோட்டமாகப் பார்க்காதீர்கள். பனிச்சறுக்குச் சரிவுகளிலிருந்து வந்த முறை அது. நாட்டுக்கு நாடு வேறுபடும். பிரிட்டனில் நீலத்துக்கும் கறுப்புக்கும் இடையில் சிவப்பு உண்டு. வட அமெரிக்காவில் எளிதிலிருந்து கடினத்துக்குப் பச்சை வட்டம், நீலச் சதுரம், கறுப்பு வைரம் என்று போகும். 1988-இல் தொடங்கிய பன்னாட்டு மலை சைக்கிள் சங்கத்தின் அளவுகோலில், பச்சைப் பாதையில் தவிர்க்க முடியாத தடை 2 அங்குல உயரம் வரை இருக்கலாம், நீலத்தில் 8 அங்குலம் வரை. 16 அங்குலச் சக்கரத்தின் அச்சே தரையிலிருந்து ஏறக்குறைய 8 அங்குலத்தில்தான் இருக்கிறது. அதாவது அந்த வேரோ கல்லோ உங்கள் மகளின் சக்கர அச்சுக்கு நேராக நிற்கும். "நீலம்தானே, நடுத்தரம்தானே" என்று அழைத்துச் சென்று, பாதி வழியில் அழும் குழந்தையையும் சைக்கிளையும் சேர்த்துத் தூக்கி வந்த அப்பாக்களைப் பார்த்திருக்கிறேன்.

* * *

நான் குதிரையில் வருபவள். எங்களையும் இந்தக் கணக்கில் சேர்த்துக்கொள்ளுங்கள். ஓசையில்லாமல் பின்னால் நெருங்கும் எதுவும் குதிரைக்குத் தன்னை வேட்டையாட வரும் விலங்குதான். பேசினால் போதும், வருவது மனிதர் என்று அதற்குப் புரிந்துவிடும். சைக்கிளை நிறுத்தி, சரிவில் கீழ்ப்பக்கமாக ஒதுங்கி நில்லுங்கள். தன் தலைக்கு மேலே உயர்ந்து நிற்கும் உருவம்தான் குதிரையை அதிகம் மிரட்டும்.

ஒருநாள் ஒரு சிறுவன் சைக்கிளை விட்டு இறங்கி, என்னைப் பார்க்காமல் குதிரையைப் பார்த்து "நீ எங்கே போகிறாய்?" என்று கேட்டான். குதிரையின் காதுகள் அவன் பக்கம் திரும்பின, உடம்பின் விறைப்பு தளர்ந்தது. அவன் அப்பா சொல்லிக்கொடுத்தாரா, அவனாகவே செய்தானா தெரியாது. எல்லாக் குழந்தைகளுக்கும் அதைச் சொல்லிக்கொடுங்கள்.

* * *

பேத்தியை சைக்கிளுக்குப் பின்னால் மாட்டும் ட்ரெய்லர் வண்டியில் வைத்து இழுத்துச் செல்கிறேன். ட்ரெய்லர் சைக்கிளைவிட அகலமானது. உங்கள் சக்கரம் தாண்டிய வேரை அதன் ஒரு பக்கச் சக்கரம் ஏறும். திருப்பத்தில் வேகமும் சேர்ந்தால் கவிழும். அதனால் அகலமான சரளைப் பாதையைத் தவிர வேறெதிலும் நான் அதைக் கொண்டுபோவதில்லை. உயரமான கொடி கட்டாயம் வேண்டும். புதருக்குப் பின்னால் ட்ரெய்லர் இருப்பதே தெரியாது, கொடி மட்டும்தான் தெரியும். அதைக் கண்டு வேகம் குறைத்த இளைஞர்கள் நிறையப் பேர்.

* * *

பாதை பராமரிப்பில் தன்னார்வலராக வேலை செய்கிறேன். மேலே எழுதியவர்கள் எல்லோருக்குமாக இரண்டு வேண்டுகோள்கள்.

வேக ஓட்டிகளே, பின் சக்கரத்தைப் பூட்டித் தேய்த்துக்கொண்டு நிறுத்தாதீர்கள். சறுக்கும் டயருக்குப் பிடிமானம் குறைவு, நிற்க அதிக தூரம் எடுக்கும். அது கீறிவிடும் பள்ளத்தில் மழைநீர் இறங்கி, அடுத்த பருவத்துக்குள் பாதையையே அரித்துவிடும். அந்தப் பள்ளத்தில் முதலில் மாட்டுவது சின்னச் சக்கரங்கள்தான். வளைவுக்கு முன்பே இரண்டு பிரேக்குகளையும் அளவாகப் பிடித்து வேகத்தைக் குறையுங்கள். கண்ணுக்குத் தெரியும் தூரத்துக்குள் நிற்க முடியாத வேகம் பொதுப் பாதையில் யாருக்கும் வேண்டாம்.

பெற்றோர்களே, வளைவு முடிந்த இடத்திலும் மேட்டின் மறுபுறத்திலும் நின்று தண்ணீர் குடிக்காதீர்கள். மேலிருந்து வருபவர் எவ்வளவு நிதானமானவராக இருந்தாலும் அங்கே உங்களைக் கடைசி நொடியில்தான் பார்ப்பார். இன்னும் கொஞ்சம் தள்ளிப் போய், இரு பக்கமும் நன்றாகத் தெரியும் இடமாகப் பார்த்து நில்லுங்கள். குழந்தைகளை மட்டுமல்ல, சைக்கிள்களையும் பாதையை விட்டு இறக்கிவையுங்கள்.