பத்தாவது படிக்கும் மகனை எழுப்புவதே தினமும் சண்டையாகிறது

கேள்வி:
பள்ளி வேன் 7 மணிக்கு வந்துவிடும். 5.30-க்கு எழுப்பினால் பல் தேய்க்கும்போதே கண் சொக்குகிறது, இட்லியைத் தொடுவதே இல்லை. இரவு 11 மணிவரை தூக்கம் வரவில்லை என்கிறான். மாமியார் சோம்பேறி என்று திட்டும்போது எனக்கு மனசு கேட்கவில்லை. என்ன செய்யலாம்?

பதில்:
இது சோம்பேறித்தனம் இல்லை அக்கா. பதின்ம வயதில் தூக்கத்தை வரவழைக்கும் மெலட்டோனின் என்ற ஹார்மோன் சுரப்பதே தாமதமாகும். உடம்புக் கடிகாரம் பின்னால் தள்ளிப்போகும். அந்தக் கடிகாரம் செல்லுக்குள் எப்படி ஓடுகிறது என்று பழ ஈக்களை வைத்துக் கண்டறிந்த மூவருக்குத்தான் 2017-இல் மருத்துவ நோபல் கிடைத்தது. இந்த வயதுக்கு 8 முதல் 10 மணி நேரத் தூக்கம் வேண்டும். பையையும் சீருடையையும் இரவே எடுத்து வைத்துவிட்டு, 6.15 வரை தூங்க விடுங்கள். எழுந்ததும் கொஞ்ச நேரம் மொட்டைமாடியில் நிற்கட்டும். காலை வெளிச்சம்தான் கடிகாரத்தை முன்னுக்கு இழுக்கும்.

இன்னொரு பதில்:
ராத்திரி 9 மணிக்கு மேல் போன் அவன் அறையில் வேண்டாம். அப்புறம், ஞாயிற்றுக்கிழமை மதியம்வரை தூங்கவிட்டால் திங்கள்கிழமை மறுபடி அதே கதைதான்.

கேட்டவர்:
சரி, இட்லியை டப்பாவில் கொடுத்து அனுப்பலாமா?

பதில்:
தாராளமாக. எழுந்தவுடன் நிறையப் பேருக்குப் பசிக்காது. வேனில் சாப்பிடட்டும்.